அறுபத்து நான்கு கட்டங்களும் ஏழு பகா எண்களும்

(கணித ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஒரு மணி நேரமும் ஒரே ஓர் எண்ணைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதைப் பலகையில் எழுதியிருக்கிறேன்:

18446744073709551615

மொத்தம் இருபது இலக்கங்கள். இதை நம் முறைப்படி வாசிக்க வேண்டுமென்றால், ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. மூச்சு வாங்குகிறது. ஆனாலும் பெரிய எண் நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் எண்ணுப் பெயர்களுக்குப் புணர்ச்சி விதி சொல்லும்போது தாமரை, வெள்ளம், ஆம்பல் போன்ற பேரெண்களுக்கும் சேர்த்தே விதி சொல்கிறது. பரிபாடலில் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று வரிசையாகவே வருகின்றன. எட்டாத தொகைகளுக்குக் குளத்துப் பூக்களின் பெயரை வைத்த மொழி நம்முடையது.

பலகையில் உள்ள இந்த எண்ணை நீங்கள் எல்லோரும் சிறு வயதிலேயே சந்தித்திருக்கிறீர்கள். சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவரிடம் அரசன் என்ன வேண்டும் என்று கேட்கிறான். முதல் கட்டத்துக்கு ஒரு தானியம், இரண்டாம் கட்டத்துக்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு, இப்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் இரட்டிப்பாக 64 கட்டத்துக்கும் கொடுத்தால் போதும் என்கிறார் அவர். இவ்வளவுதானா என்று சிரித்த அரசனால் கடைசியில் கொடுக்க முடியவில்லை. கேரளத்தில் இதே கதையைக் கண்ணனையும் அம்பலப்புழைப் பால் பாயசத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்த 64 கட்டங்களின் மொத்தத் தொகைதான் பலகையில் இருப்பது.

வழக்கமாக இந்தக் கதை இங்கே முடிந்துவிடும். குழந்தைகள் "அடேயப்பா!" என்பார்கள். ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போவார். எனக்கு வெகுநாளாக மனத்தில் உள்ள குறை இதுதான். ஓர் எண் பெரியது என்று வியந்ததோடு நாம் எழுந்து போய்விடுகிறோம். அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. இன்று அந்த "அடேயப்பா"வில் தொடங்கி உள்ளே போவோம்.

அரிசியை எண்ணிப் பார்ப்போம்

முதலில் அளவைக் கையால் தொட்டுப் பார்த்துவிடலாம். நேற்று இரவு வீட்டில் அரிசியைத் தட்டில் கொட்டி எண்ணினேன். எங்கள் வீட்டு அரிசி பொடி ரகம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று கிராமுக்கு 50 அரிசி என்று வைத்துக்கொள்கிறேன். இதோ இந்தச் சதுரங்கப் பலகையின் முதல் வரிசையை நிரப்பியிருக்கிறேன். எட்டுக் கட்டங்களில் மொத்தம் 255 அரிசி, ஐந்து கிராம். ஒரு தேக்கரண்டி அரிசிக்கு மேல் இல்லை.

இரண்டாம் வரிசையும் சேர்ந்தால் 65,535 அரிசி, ஒரு கிலோ முந்நூறு கிராம். மூன்றாம் வரிசை முடிந்தால் 335 கிலோ. 25 கிலோ சிப்பமாகப் பதின்மூன்று சிப்பம் ஆகிறது. நான்காம் வரிசையில், அதாவது பாதிப் பலகையில், 86 டன். பத்து டன் லாரி ஒன்பது வேண்டும். இதுவரை ஓர் அரிசி ஆலைக்காரரே சமாளித்துவிடுவார். ஐந்தாம் வரிசை முடிவில் 22,000 டன், ஆறாம் வரிசையில் 56 லட்சம் டன், ஏழாம் வரிசையில் 144 கோடி டன், எட்டாவது முடிந்தால் சுமார் 36,900 கோடி டன். உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் அரிசி ஐம்பது கோடி டன்னைச் சற்றுத் தாண்டும். அப்படியானால் எழுநூறு ஆண்டுகளின் உலக விளைச்சல் முழுவதும் இந்தப் பலகைக்கே போய்விடும்.

இவ்வளவு பெரிய தொகையை எப்படிக் கணக்கிடுவது? 64 கட்டங்களையும் ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டியதில்லை. ஒன்று, இரண்டு, நான்கு மூன்றையும் கூட்டினால் ஏழு. அடுத்த கட்டத்தில் இருப்பது எட்டு. எங்கே நிறுத்தினாலும் அதுவரையிலான கூட்டுத்தொகை அடுத்த கட்டத்தைவிட ஒன்று குறைவு. ஆகவே 65ஆம் கட்டம் என்று ஒன்று இருந்தால் அதில் எவ்வளவு இருக்கும் என்று கண்டுபிடித்து, ஒன்றைக் கழித்தால் போதும். அதற்கும் 64 முறை இரட்டிக்க வேண்டாம். இரண்டைத் தன்னாலேயே பெருக்கினால் 4. நான்கைத் தன்னாலேயே பெருக்கினால் 16. பிறகு 256, பிறகு 65,536, பிறகு 429,49,67,296. இன்னும் ஒருமுறை பெருக்கினால் வந்துவிட்டோம். ஆறே பெருக்கல்! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல்பிரூனி என்ற அறிஞர், பண்டைய இனங்களின் காலக்கணக்கு பற்றி எழுதிய நூலில், இப்படி வர்க்கம் எடுத்துத் தாவிச் செல்லும் வழியிலேயே இந்தத் தொகையைக் கண்டு எழுதியிருக்கிறார்.

வரிசைகள் சொல்லும் ரகசியம்

இப்போது உள்ளே போவோம். பலகையில் முதல் வரிசையையும் அதற்கு அடுத்த இரண்டாம் வரிசையையும் பாருங்கள். முதல் வரிசையின் முதல் கட்டத்தில் 1 இருக்கிறது. அதற்கு நேர் மேலே இரண்டாம் வரிசையில் 256. அடுத்த கட்டத்தில் 2; அதற்கு நேர் மேலே 512. எந்தக் கட்டத்தை எடுத்தாலும் மேல் கட்டம் கீழ்க் கட்டத்தைப் போல 256 மடங்கு. எனவே இரண்டாம் வரிசை முழுவதும் முதல் வரிசையைப் போல 256 மடங்கு. இரண்டையும் சேர்த்தால் முதல் வரிசை போல 257 மடங்கு. அதாவது 255 × 257.

அடுத்து, இந்த இரண்டு வரிசைகளையும் ஒரு கட்டாகக் கட்டுங்கள். அடுத்த இரண்டு வரிசைகள் இந்தக் கட்டைப் போல 65,536 மடங்கு. சேர்த்தால் 65,537 மடங்கு. இப்போது பாதிப் பலகை ஒரு கட்டாகிவிட்டது. மீதிப் பாதி அதைப் போல 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 மடங்கு. இரண்டு பாதியும் சேர்ந்தால் அதைவிட ஒன்று கூடுதல், 429,49,67,297 மடங்கு.

முதல் வரிசையின் 255ஐயும் இதே கத்தியால் வெட்டலாம். முதல் இரண்டு கட்டம் சேர்ந்து 3. அடுத்த இரண்டு கட்டம் இதைப் போல நான்கு மடங்கு, சேர்த்தால் ஐந்து மடங்கு. நான்கு கட்டத்துக்கு 3 × 5. அடுத்த நான்கு கட்டம் பதினாறு மடங்கு, சேர்த்தால் பதினேழு மடங்கு. எட்டுக் கட்டத்துக்கு 3 × 5 × 17.

ஆக நம் இருபது இலக்க எண், வகுத்தல் கணக்கு ஒன்றுகூடப் போடாமல், நம் கண்ணெதிரே இப்படிப் பிரிந்துவிட்டது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

இந்த ஆறு எண்களில் ஒவ்வொன்றும் அதற்கு முந்தைய எல்லாவற்றையும் பெருக்கி இரண்டைக் கூட்டினால் வரும். 3 × 5 = 15, இரண்டைக் கூட்டினால் 17. 3 × 5 × 17 = 255, இரண்டைக் கூட்டினால் 257. கட்டடத்தின் ஒவ்வொரு மாடியும் கீழ் மாடிகளின் அளவிலிருந்தே எழுகிறது.

ஃபெர்மாவும் ஆய்லரும்

இந்த வரிசையை நமக்கு முன்பே ஒருவர் உற்றுப் பார்த்திருக்கிறார். பிரான்ஸில் துலூஸ் நகர நீதிமன்றத்தில் பணியாற்றிய பியர் த ஃபெர்மா. 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாதவை. இந்த வரிசையில் வரும் எல்லாமே பகா எண்களாகத்தான் இருக்கும் என்று 1640இல் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் ஃபெர்மா தம் நம்பிக்கையைத் தெரிவித்தார். அதனால்தான் இவை ஃபெர்மா எண்கள் எனப்படுகின்றன.

ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1729ஆம் ஆண்டு டிசம்பரில், கோல்ட்பாக் என்ற கணிதர், ஆய்லர் என்ற இளம் கணிதருக்கு எழுதிய கடிதத்தில் ஃபெர்மாவின் இந்தக் கூற்றைப் பற்றிக் கேட்டார். ஆய்லர் முதலில் பெரிதாக அக்கறை காட்டவில்லை. ஆனால் கேள்வி அவரை விடவில்லை. 1732இல், இருபத்தைந்து வயதில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து விடை சொன்னார். ஆறாவது எண்ணான 4294967297 பகா எண் அல்ல. அது 641ஆல் வகுபடும்.

641 எங்கிருந்து வந்தது? ஒவ்வோர் எண்ணாக வகுத்துக்கொண்டே போனால் அதற்கு முன் நூற்றுப் பதினைந்து பகா எண்களைச் சோதிக்க வேண்டும். இந்த ஆறாவது எண்ணை ஒரு பகா எண் வகுக்குமானால் அது 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும் என்று ஆய்லர் பின்னர் நிறுவிக் காட்டினார். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எழுதுங்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே பூட்டு திறக்கிறது.

மாணவர்களுக்காக ஒரு சின்ன நிரூபணம் சொல்கிறேன். இதில் பெரிய வகுத்தலே கிடையாது. 641ஆல் வகுக்கும்போது வரும் மீதியை மட்டும் கவனிப்போம். 640 என்பது 5 × 128. 128 என்பது இரண்டின் ஏழாம் அடுக்கு. 640 என்பது 641க்கு ஒன்று குறைவு, ஆகவே அதன் மீதியைக் கழித்தல் ஒன்று எனலாம். இப்போது 640இன் நான்காம் அடுக்கை எடுங்கள். கழித்தல் ஒன்றை நான்கு முறை பெருக்கினால் கூட்டல் ஒன்று. அதாவது ஐந்தின் நான்காம் அடுக்கை இரண்டின் 28ஆம் அடுக்கால் பெருக்கினால் மீதி 1. சரி, ஐந்தின் நான்காம் அடுக்கு எவ்வளவு? 625. அது 641க்குப் பதினாறு குறைவு. ஆகவே 625 இருந்த இடத்தில் கழித்தல் 16ஐ வைக்கலாம். பதினாறு என்பது இரண்டின் நான்காம் அடுக்கு. 28உடன் நான்கு சேர்ந்தால் 32. ஆகவே இரண்டின் 32ஆம் அடுக்கின் மீதி கழித்தல் ஒன்று. அதனோடு ஒன்றைக் கூட்டினால் மீதி பூச்சியம். முடிந்தது. 641 என்ற எண் 640 + 1 ஆகவும் இருக்கிறது, 625 + 16 ஆகவும் இருக்கிறது. அந்த இரண்டு முகங்கள்தான் ஃபெர்மாவின் நம்பிக்கையை முடித்துவைத்தன.

வகுத்துவரும் ஈவு 67,00,417. அதுவும் பகா எண். ஆகவே நம் சதுரங்க எண்ணின் முழு ஜாதகம் இதுதான்:

3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு பகா எண்கள். எதுவும் இருமுறை வரவில்லை. ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம் என்பதால் இந்த எண்ணுக்கு மொத்தம் 128 வகுஎண்கள். கதை முழுக்க இரட்டிப்பு. வகுஎண்களின் கணக்கும் ஏழுமுறை இரட்டிப்பு.

பாதிப் பலகையும் கவராயமும்

பாதிப் பலகையில் நிறுத்தியிருந்தால் கிடைத்திருக்கும் தொகை 4294967295. முதல் ஐந்து ஃபெர்மா எண்களின் பெருக்கல். அரிசியாகப் பார்த்தால் ஒன்பது லாரி. வடிவியலில் அதற்கு வேறொரு மதிப்பு உண்டு.

அளவு குறிக்காத ஒரு ஸ்கேலும் கவராயமும் மட்டும் கொண்டு சமபக்க முக்கோணம் வரையலாம், ஒழுங்கு ஐங்கோணம் வரையலாம், பதினைந்து பக்கமும் வரையலாம். இவை பண்டைய கிரேக்கர்களுக்கே தெரியும். ஏழு பக்கம் வராது. அடுத்து எது வரும் என்று இரண்டாயிரம் ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. 1796இல், பத்தொன்பதாவது வயது முடிவதற்குள், கௌஸ் என்ற கணிதர் பதினேழு பக்கம் வரும் என்று நிறுவினார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருந்தால் வரையலாம் என்று 1801இல் வெளியான தம் நூலில் எழுதினார். வேறு எதுவும் வராது என்பதை 1837இல் வான்ட்செல் என்ற கணிதர் நிறுவினார்.

ஃபெர்மா பகா எண்கள் என்று இதுவரை நமக்குத் தெரிந்தவை அந்த ஐந்தே. எனவே ஸ்கேலும் கவராயமும் கொண்டு வரையத்தக்க, நமக்குத் தெரிந்த மிகப் பெரிய ஒற்றைப்படைப் பலகோணத்துக்கு எத்தனை பக்கம் தெரியுமா? 4294967295. அரசன் பாதிப் பலகைக்குக் கொடுத்த அரிசி எத்தனையோ, அத்தனை பக்கம். ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் 65,537 பக்கப் பலகோணத்தை வரையும் வழிக்காகப் பத்தாண்டுகள் உழைத்தார். அந்தக் கையெழுத்துப் படி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. தானியக் கதைக்கும் பலகோணத்துக்கும் வெளிப்பார்வைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. எண்ணின் உள்கட்டு ஒன்றாக இருந்ததால் இரண்டும் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன.

இன்னொன்றும் அதே வாசலுக்கு வந்தது. 1883இல் பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா ஒரு விளையாட்டுப் பொருளை வெளியிட்டார். மூன்று தண்டுகள்; அளவு வரிசையில் அடுக்கிய வட்டுகள். ஒரு நேரத்தில் ஒரு வட்டைத்தான் நகர்த்தலாம். சிறியதன்மேல் பெரியதை வைக்கக் கூடாது. நம் பள்ளிகளில் ஹனாய் கோபுரம் என்று சொல்லிக்கொடுக்கிறோம். காசியில் ஒரு கோயிலில் 64 பொன் வட்டுகளை அர்ச்சகர்கள் நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள், முடியும் நாளில் உலகம் முடியும் என்ற கதை அந்த விளையாட்டோடு சேர்ந்து பரவியது. அந்தக் கோயில் காசியில் இல்லை. கதை பிரான்ஸில் பிறந்தது. கணக்கு மட்டும் உண்மை. 64 வட்டுகளுக்குத் தேவையான நகர்த்தல்கள் 18446744073709551615. நொடிக்கு ஒன்று வீதம் நகர்த்தினால் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்.

உங்கள் பையில் இருக்கும் எண்

இதைக் காசிவரை போய்த் தேட வேண்டாம். உங்கள் சட்டைப் பையில் உள்ள கைபேசியிலேயே இருக்கிறது. கணினி எண்களை 0, 1 என்ற இரண்டே குறிகளால் எழுதுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரட்டிப்பு மதிப்பு, சதுரங்கப் பலகையேதான். இப்படி ஓர் இடத்துக்குப் பெயர் பிட். 64 இடங்களிலும் 1 போட்டால் வருவது நம் எண். கூட்டல், கழித்தல் குறி இல்லாத முழு எண்ணாக 64 பிட்டில் எழுதத்தக்க உச்ச எண் அதுதான். அதனோடு ஒன்றைக் கூட்டினால் இடம் போதாமல் எல்லாம் பூச்சியமாகிவிடும்.

பாதிப் பலகை போதாது என்பதையும் நம் காலத்திலேயே பார்த்தோம். 2014 டிசம்பரில் ஒரு கொரியப் பாடலைப் பார்த்தோர் எண்ணிக்கை ஒரு பிட்டைக் கூட்டல், கழித்தல் குறிக்கு ஒதுக்கிய 32 பிட்டின் எல்லையான 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647ஐத் தாண்டும் நிலை வந்தபோது, யூடியூப் தன் கணக்கை 64 பிட்டுக்கு மாற்றியதாக அறிவித்தது. நேரத்தை 32 பிட்டில் எண்ணும் பழைய நிரல்களுக்கு 2038 ஜனவரி 19இல் இதே சிக்கல் காத்திருக்கிறது.

இவ்வளவு நேரமும் ஓர் எண்ணைப் பிரித்துக்கொண்டிருந்தோம். பிரிக்க முடியாமல் இருப்பதுதான் இன்னொரு இடத்தில் நம்மைக் காக்கிறது. 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அமைத்த மறைக்குறி முறையில், இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி விடையை ஊரறிய வைத்துவிடுகிறார்கள். அதை உடைக்கத் தெரிந்தவர்தான் பூட்டைத் திறக்க முடியும். அந்த மூவர் பெயரில் சவாலாக வைக்கப்பட்ட 250 இலக்க எண் ஒன்று 2020இல்தான், பல கணினிகளின் உழைப்பால், உடைந்தது. அதைப் போல இருமடங்குக்கும் மேல் நீளமான எண்கள் இன்றும் நம் தகவல்களைக் காக்கின்றன. நம் சதுரங்க எண்ணை நாம் அரிசியை வைத்தே உடைத்துவிட்டோம். காரணம், அதற்குள் ஒழுங்கு இருந்தது. ஒழுங்கு தெரியாத எண் இரும்புப் பெட்டி. ஒழுங்கு தெரிந்துவிட்டால் அதே பெட்டி திறந்த புத்தகம். ஓர் எண்ணைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது எவ்வளவு பெரியது என்பதல்ல. எவற்றால் ஆனது என்பதே.

நம் ராமானுஜன் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். 1915இல் அவர் வெளியிட்ட பெரிய கட்டுரை, தனக்குக் கீழான எல்லா எண்களையும்விட அதிக வகுஎண்கள் கொண்ட எண்களைப் பற்றியது. ஓர் எண்ணுக்கு எத்தனை வாசல் என்று எண்ணிப் பார்த்தவர் அவர். அவர் படத்தை வகுப்பறையில் மாட்டியிருக்கிறோம். அவர் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறோமா?

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த முறை சதுரங்கக் கதையைச் சொல்லும்போது "அடேயப்பா" என்ற இடத்தில் நிறுத்தாதீர்கள். ஒரு பலகையும் ஒரு கைப்பிடி அரிசியும் கொண்டுபோங்கள். முதல் வரிசையைப் பிள்ளைகளே நிரப்பட்டும். 15, 255, 65535 ஆகிய மூன்று எண்களைக் கரும்பலகையில் எழுதி, எவற்றால் ஆனவை என்று அவர்களே கண்டுபிடிக்க விடுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். ஒரு முழுப் பாடவேளை போனாலும் போகட்டும்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வேலை. ஐந்து ஃபெர்மா பகா எண்களுக்குப் பிறகு ஆறாவதாக ஒன்று உண்டா, இல்லையா என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. ஃபெர்மா கடிதம் எழுதி 380 ஆண்டுகளுக்கு மேலாகியும் கேள்வி திறந்தே கிடக்கிறது. அதற்குப் போவதற்கு முன், இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு தாளை எடுத்து 6700417ஐ 641ஆல் பெருக்குங்கள். கணிப்பான் வேண்டாம், கையாலேயே பெருக்குங்கள். விடை 4294967297 வரும்.